ஐந்தின் மேல் ஒரு புள்ளி

காலை ஏழு இருபது. கும்மிடிப்பூண்டியில் செல்வத்தின் வீட்டுக் கதவு திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, சுவரில் மாட்டியிருந்த மஞ்சள் ஹெல்மெட். அதில் தூசு இல்லை. தினமும் யாரோ துடைக்கிறார்கள்.

கருவிகளைச் சோதித்து மார்க் போடும் இந்தப் பத்திக்கு, செல்வத்தின் மனைவி மேரி கடிதம் எழுதியிருந்தார். பார்வை இல்லாதவர்கள் புத்தகம் கேட்கும் பிளேயர்களில் எது நல்லது? ஒற்றை வரிக் கேள்வி. காரணம் பின்பக்கத்தில் இருந்தது.

செல்வம் பத்தொன்பது வருடம் இரும்புக் கம்பி ஆலையில், இரவும் பகலும் எரியும் ஃபர்னஸ் பக்கம் வேலை பார்த்தவர். சர்க்கரை நோயில் பார்வை போய்விட்டது. புது ஆட்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கும் வேலை தருகிறோம், அதற்கு முன் பாதுகாப்புப் புத்தகம் முழுவதிலும் வாய்மொழித் தேர்வு என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. தவறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இருநூறு பக்கம். நான் போன அன்றைக்கு மீதி பத்து நாள்.

நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி, மூன்றைக் கொண்டுபோனேன். ஒன்று, மெல்லிய வெளிநாட்டு பிளேயர். இரண்டு, புத்தகம் வாசிக்கும் ஆப் போட்ட போன். மூன்று, செங்கல் அளவில் ஒரு பழைய மாடல்.

முந்தின நாளே கண்ணை மூடிக்கொண்டு மூன்றையும் சோதித்து மார்க் போட்டிருந்தேன். மெல்லியதற்குப் பத்துக்கு ஒன்பது. ஐந்தாம் எண்ணின் மேல் சின்னதாக ஒரு புள்ளி துருத்திக்கொண்டிருக்கும். அதை வைத்து மற்ற பட்டன்களைக் கண்டுபிடித்துவிடலாம். போனுக்கு ஏழு. செங்கல்லுக்கு நான்கு – அணைத்தால் விட்ட இடத்தை மறந்து முதல் பக்கத்துக்கே போய்விடுகிறது.

செல்வம் மெல்லியதை வாங்கித் தடவினார். திருப்பித் தடவினார்.

“புள்ளி எங்க சார் கீது?”

அவர் விரல் புள்ளியின் மேல்தான் இருந்தது.

கையை நீட்டிக் காட்டினார். விரல் நுனிகளில் ரேகையே இல்லை. தேய்ந்த செருப்பின் அடிப்பக்கம் மாதிரி வழுவழுப்பு. “பாதி சூட்டுல போச்சி, மீதி சுகர்ல. பிரெய்ல் கிளாசுக்குப் போனேன். ரெண்டே நாள்ல, உனக்கு இது வராதுப்பான்ட்டாங்க.”

போனைக் கொடுத்தேன். ஐந்து முறை தட்டினார், அது அசையவில்லை.

“என் வெரல வெரல்னே ஒத்துக்கமாட்டேங்குது சார். பேஜாரு.”

கண்ணை மூடிக்கொண்டால் அவராகிவிடலாம் என்று நினைத்திருந்தேன். பார்வை இல்லாதவருக்கு விரல் கூர்மையாக இருக்கும் – இதை யார் முடிவு செய்தது? பிளேயர் செய்தவர் முடிவு செய்தார். நானும் முடிவு செய்தேன். அவரை யாரும் கேட்கவில்லை.

மிச்சம் இருந்தது செங்கல். அதை உள்ளங்கையில் வைத்து, விரல் கணுவால் அழுத்தினார். லைட் சுவிட்ச் போல ‘டக்’ என்று சத்தம். முகம் மலர்ந்தது.

“அணைத்தால் மறந்துவிடும், செல்வம்” என்றேன்.

“அணைச்சாதான சார்? சார்ஜர்லயே போட்டு வெச்சிக்கிறேன். ஃபர்னஸ அணைச்சி அணைச்சியா வேல பாத்தோம்?”

ஆலையின் நண்பர்கள் சாப்பாட்டு நேரத்தில் முறை வைத்துப் புத்தகத்தைப் படித்துப் பதிவு செய்து கொடுத்திருந்தார்கள். அதைப் பிளேயரில் ஏற்றினோம். பதிவின் பின்னணியில் தட்டுச் சத்தம். ஒரு குரல்: “தொங்கும் சுமைக்குக் கீழே... டேய் பாபு, வடைய வைடா, படிச்சிக்கினு கீறேன்ல... சுமைக்குக் கீழே எவரும் நிற்கக் கூடாது.”

மேரி கேள்வி கேட்டுப் பார்த்தார். “தொங்கும் சுமைக்குக் கீழே?”

“வடைய வைடா” என்றார் செல்வம், யோசிக்காமல்.

மேரி தலையில் கை வைத்துக்கொண்டார். “நான் என் போனுல போட்டுவுட்டு, கேட்டு கேட்டு இப்டி ஆயிடுச்சி சார். ஆபீசர் முன்னாடியும் இதத்தான் சொல்லப்போது. வேல போனா இன்னா பண்றது?”

“வட வந்தாதான் மேரி அடுத்த வரி வருது. நான் இன்னா செய்யட்டும்?”

சிரித்தோம். மேரி மட்டும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அடுத்த ஒன்பது நாளும் அந்தச் செங்கல் அணையவில்லை. பத்தாம் நாள் மதியம் மேரி போன் செய்தார். நான்காவது கேள்வியே தொங்கும் சுமைதானாம். செல்வம் ஒரு நொடி நின்றாராம் – வடைக்காக. அதை மனதுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு, அடுத்த வரியை வெளியே சொன்னாராம்.

வேலை கொடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை முதல் வகுப்பு.

கூடவே ஒரு தகவலும் சொல்லியிருக்கிறார்கள். பாதுகாப்புப் புத்தகத்துக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது. வருடக் கடைசியில் அதிலும் தேர்வு. முப்பது பக்கம் கூடுதல். அச்சில் மட்டும்.