ஓரிரு இடங்களில் மழை

அரைப்பரீட்சை லீவில் பிள்ளைகளைச் சிறுமலைக்கு நடக்கக் கூட்டிப் போவதாக நான்தான் வாக்குக் கொடுத்தேன். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. திண்டுக்கல்லில் எங்கள் மொட்டைமாடியில் ஏறி நின்றாலே மலை தெரியும். பஸ்ஸில் மேலே போய், இறங்கின இடத்திலிருந்து ஏரி வரை நடந்து, திரும்புவது. திட்டம் அவ்வளவுதான். இதற்கு நான் செய்த முன்னேற்பாட்டில் ஒரு கல்யாணத்தையே நடத்தி முடித்திருக்கலாம்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். பருவக்காற்றுப் பாடம் நடத்தியபோது நான் வகுப்பில் இல்லை. அதனால் மழை விஷயத்தில் டிவியில் செய்தி வாசிப்பவர் சொல்வதுதான் எனக்கு வேதவாக்கு. அவரோ தினமும் ஒன்றையேதான் சொல்வார்: "ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்." எந்த இடம் என்று மட்டும் வாயைத் திறக்கமாட்டார். அவர் சொல்லாமல் விட்டால், அது நாங்கள் போகிற இடம்தான் என்று எனக்கு விளங்கிவிடும்.

முதல் சனிக்கிழமைப் பயணம் அப்படித்தான் நின்றது. திங்கட்கிழமை மலை உச்சியில் ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது, அன்றைக்கும் நாங்கள் போகவில்லை. புதன்கிழமை வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மார்கழியில் இப்படிப் பளிச்சென்று இருந்தால் அது எதையோ மறைக்கிறது என்று எனக்குப் பட்டது.

"மேகம் இருந்தாலும் வரமாட்ட, இல்லாட்டியும் வரமாட்ட. வானம் ஒனக்கு எப்படித்தான் இருக்கணும்? அளவு குடுத்துத் தைக்கச் சொல்லுவமா?" என்றார் வீட்டுக்காரர்.

மகன் குறுக்கே வந்தான். "அம்மா, மலைக்கு வேணாம். ஓரிருக்குப் போவோம்."

"எங்கடா?"

"ஓரிரு. டிவில சொல்றாகள்ல, தெனமும் அங்கதான மழை. அது அய்யலூர் தாண்டியா, நத்தம் தாண்டியா?"

வீட்டுக்காரருக்குக் காப்பி புரையேறிவிட்டது. "அந்த ஊருக்கு பஸ்ஸே கெடையாது அப்பு. ஒங்கம்மா மட்டும் தெனம் போயிட்டு வாரா."

நானும் சிரித்துவிட்டேன். மகள் சிரிக்கவில்லை. சனிக்கிழமையிலிருந்து கட்டி வைத்திருந்த தன் பையைத் திறந்து, தொப்பியையும் பிஸ்கட்டையும் எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா எடுக்கிற?"

"எப்படியும் போகமாட்டோம்ல."

கோபமில்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். மூன்று தடவை ஏமாந்ததில் கேட்பதையே விட்டுவிட்டாள். வானிலைச் செய்தியை ஊரே எப்படிக் கேட்குமோ, அப்படி என் பேச்சை என் பிள்ளை கேட்க ஆரம்பித்துவிட்டாள்: நடக்கலாம், நடக்காமலும் போகலாம். அன்றைக்கு என்னால் ஒரு கொக்கிகூட ஒழுங்காகத் தைக்க முடியவில்லை.

லீவின் கடைசிச் சனிக்கிழமை கிளம்பினோம். மூன்று குடை, நாலு மழைக்கோட்டு, ஆளுக்கு இரண்டு மாற்றுத்துணி, குரங்குக் குல்லா, ஓமத்தண்ணி, அட்டை கடித்தால் போட உப்பு, பஸ்ஸில் குமட்டினால் முகர எலுமிச்சம்பழம். மூட்டையைப் பார்த்த கண்டக்டர், "என்னம்மா, குடிமாறிப் போறீகளா? கட்டிலு பீரோ பின்னாடி வருதா?" என்றார். கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளைகள் கூத்தடித்துக்கொண்டு வந்தார்கள். வாந்தி எடுத்தது நான். எலுமிச்சம்பழத்தை மகன் சீட்டுக்கடியில் உருட்டித் தொலைத்திருந்தான்.

மேலே இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்திருப்போம். வாழைத்தோட்டத்துப் பக்கமிருந்து புகை மாதிரி ஒன்று வந்தது, அதுவே தூறலானது. ஓடிப்போய் ஒரு டீக்கடைக்குள் ஒதுங்கினோம். மடிப்புக் கலையக் கூடாதென்று மழைக்கோட்டுகளைப் பையின் அடியில் வைத்திருந்தேன். கடை வாசல் தூறலில் நின்று, மேலிருந்ததை வெளியே எடுத்துப் போட்டு அவற்றை உருவி எடுப்பதற்குள் மாற்றுத்துணி அத்தனையும் நனைந்துவிட்டது.

"தூத்தல்தானத்தா. இதுக்கா இம்புட்டு மூட்டை? செத்த நேரத்துல விட்டுரும்," என்று கடைக்கார அம்மா சிரித்தது.

மகள் என்னிடம் வந்தாள். "மழை வந்துருச்சும்மா. திரும்பிப் போயிருவமா?"

அழுகை இல்லை, சிணுங்கல் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்பது போல மரியாதையாகக் கேட்டாள். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, அதற்குள் பஸ் நிற்கும் பக்கமாகத் திரும்பியும் நின்றுவிட்டாள்.

எனக்குள் சளிக்காய்ச்சல், வழுக்கல், இடி மூன்றும் வரிசையில் வந்து நின்றன.

"இல்லத்தா. ஏரிக்குப் போறோம்," என்றேன். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவள் நம்பவில்லை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பத்தடி நடந்தாள். நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்த்தாள். வந்துகொண்டிருந்தேன். இன்னும் பத்தடி; மறுபடி ஒரு பார்வை. காற்றில் என் குடை உள்பக்கம் வெளியாகத் திரும்பிக்கொண்டது. மூன்றாவது தடவை அவள் பார்க்கும்போது நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே நடந்துகொண்டிருந்தேன். அதன்பிறகு அவள் திரும்பவில்லை. தம்பியை இழுத்துக்கொண்டு சேற்றில் ஓடினாள்.

"பாத்து, மெதுவா" என்று கத்த வாயைத் திறந்தேன். மழை வலுத்து, தண்ணீர் உள்ளே போனது. மூடிக்கொண்டேன்.