துக்க வீட்டுக்கு ஒரு கிறிஸ்துமஸ் அட்டை

டிசம்பரில் எங்கள் தூத்துக்குடியில் மழை பெய்யும், கொசு கடிக்கும், தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். பனி மட்டும் பெய்யாது. ஆனாலும் வருஷம் தவறாமல் பனி ஒட்டிய கிறிஸ்துமஸ் அட்டை செய்து எதிர் வீட்டுக்குக் கொடுத்துவந்தேன். ஏன் பனி என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரியாது.

எதிர் வீட்டில் ஒரு கத்தோலிக்கத் தம்பதி. கணவரை அண்ணன் என்றும் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நாங்கள் குடிவந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டிலிருந்து கேக் வந்தது. தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூச்சப்பட்டு, மகளின் பள்ளிக்கூட வேலையில் மிஞ்சிய சார்ட் அட்டையை மடித்து, சேலைச் சரிகை, ஜிகினா, மருந்துக்கடைப் பஞ்சு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒட்டி ஒரு வாழ்த்து அட்டை செய்தேன். அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். அதைக் கிறிஸ்துமஸ் குடிலில் ஆட்டுக்குட்டிப் பொம்மைகளுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தார். அதிலிருந்து டிசம்பர் பிறந்தால் வாசலில் நின்றே கேட்பார்: "என்ன தங்கச்சி, இந்த வருசம் என்ன கூத்து?" அக்கா அட்டையை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். உண்மையில் அந்த அட்டை அண்ணனுக்குத்தான்.

சென்ற வருஷம் ஜூலையில், மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறுவதற்கு முன்பே அண்ணன் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

அடக்கத்துக்குப் போனேன், கூட இருந்தேன். அதன் பிறகு என்ன பேசுவது என்று தெரியவில்லை. பால் விலை, மழை, மின்வெட்டு என்று பேசினேன். அண்ணன் பேச்சு வரும்போல் இருந்தால் அக்காவுக்கு மனசு கஷ்டப்படுமே என்று நானே வேறு எதற்காவது தாவிவிடுவேன். அக்காவும் வரவர வாசலில் நிற்பதைக் குறைத்துக்கொண்டார். இந்தத் தெருவில் எனக்கென்று இருக்கிற ஒரே ஆள் அவர். அவரையும் இழந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

டிசம்பர் வந்தது. துக்க வீடு என்பதால் அங்கே நட்சத்திரம் கட்டவில்லை, குடில் வைக்கவில்லை, பலகாரம் சுடவில்லை. தெருவெல்லாம் வெளிச்சம், அந்த வீடு மட்டும் இருட்டு. அட்டை கொடுத்தால் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சின மாதிரி ஆகுமோ? கொடுக்காவிட்டால், இத்தனை வருஷமும் கொடுத்தது அண்ணனுக்கு மட்டும்தான் என்று அக்கா நினைத்துவிடுவாரோ? மளிகைக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் கணவரிடம் கேட்டேன்.

"துக்க வீட்டுக்கு யாராவது வாழ்த்து அட்டை குடுப்பாவளா?" என்றார்.

"அப்ப குடுக்க வேண்டாம்னு சொல்லுதியளா?"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எந்த நேரத்தில் நழுவ வேண்டும் என்று அந்த மனிதருக்கு நன்றாகத் தெரியும்.

மனசு முடிவெடுக்கும் முன்பே கை வேலையைத் தொடங்கிவிட்டது. அட்டையில் நீலம் தீட்டி, பச்சை மீன்வலை நூலைப் பிரித்து மரம் செய்தேன். பஞ்சு வைத்து அலுத்துப்போயிருந்ததால், பனிக்குக் கல்லுப்பைப் பொடித்துப் பசையில் தூவினேன். பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் உப்பு கசிந்து, நீலம் வழிந்து, மரம் தண்ணீரில் நின்றது.

"உப்பளத்து ஊர்ல பிறந்துக்கிட்டு மழைக்காலத்துல உப்பையா ஒட்டுத?" என்றார் கணவர்.

கோபத்தோடு இன்னொரு அட்டையை மடித்தேன். இந்தத் தடவை ரவை. அதையும் எட்டிப் பார்த்தார். "உப்பு ஆச்சு, ரவை ஆச்சு. கடுகு தாளிச்சா உப்புமா ரெடி."

சிரிப்பு வந்தாலும் குழப்பம் தீரவில்லை. நட்சத்திரம் வெட்டி ஒட்டினேன். அந்த வீட்டில் இல்லாத நட்சத்திரம் அட்டையில் எதற்கு என்று பிய்த்தேன். பிய்த்த இடம் அசிங்கமாக இருக்க, மேலே சரிகைத் துண்டு ஒன்றைப் பறவை மாதிரி ஒட்டினேன். அது பறவையா வாழையிலையா என்று எனக்கே தெரியவில்லை. உள்ளே என்ன எழுதுவது? "இனிய" என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. ஒன்றுமே எழுதாமல் மூடினேன்.

உறையில்தான் ஒரேயடியாக மாட்டிக்கொண்டேன். வழக்கமாக 'அண்ணனுக்கும் அக்காவுக்கும்' என்று எழுதுவேன். 'அக்காவுக்கு' என்று மட்டும் எழுதினால், அண்ணனை அந்த வீட்டை விட்டு நானே வெளியே அனுப்புகிற மாதிரி இருந்தது. இருவருக்கும் எழுதினால், இவளுக்கென்ன பைத்தியமா என்பார்கள். உறையையும் வெறுமையாகவே எடுத்துக்கொண்டு சாயங்காலம் எதிர் வீட்டுக்குப் போனேன்.

அக்கா குசினியில் டீ போட்டுக்கொண்டிருந்தார். அட்டையை வாங்கி, விரலால் தடவிப் பார்த்தார்.

"இது என்னளா, ரவையா?"

"ஆமாக்கா."

"எறும்பு வரும்லா."

உள்ளே திறந்து பார்த்தார். உறையை இரண்டு பக்கமும் திருப்பினார். "யாருக்குன்னு போடலியே."

"எப்படிப் போடுததுன்னு தெரியலக்கா."

அக்கா அடுப்பை அணைத்தார். "அவுக போனதுல இருந்து என் முன்னால அவுக பேச்சையே ஒருத்தரும் எடுக்க மாட்டேங்காவ. நீயும் பால் விலையச் சொல்லிட்டு ஓடிப் போயிருத. நான் என்ன இத்தன வருசமும் இந்த வீட்டுல தனியாவா இருந்தேன்?"

அக்கா பேனாவைத் தேடி எடுத்து உறையோடு என்னிடம் நீட்டினார்.

"போன வருசம் எப்படிப் போட்டியோ, அப்படியே போடு."

அண்ணனுக்கும் அக்காவுக்கும் என்று எழுதிக் கொடுத்தேன். அக்கா அதை வாய்விட்டு வாசித்தார். பிறகு அட்டையை மறுபடி கையில் எடுத்து, "இந்த ரவையப் பாத்தா அவுக ஒரு வாரம் சிரிச்சிருப்பாவ" என்று சொல்லி, அவரே சிரித்தார், அழுதார். அன்று டீ ஆறிப்போகும் வரை நாங்கள் அண்ணனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.