உரக்கடை மச்சில் ஒரு ஜப்பான்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுக்கோட்டையிலிருந்து அரிமளம் போகிற பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா காலடியில் ஒரு வேப்பம்புண்ணாக்குச் சாக்கை வைத்திருந்தார். பஸ் குலுங்கக் குலுங்க அந்தக் கசப்பு வாசம் மேலே ஏறியது. முன் சீட்டுக் கல்லூரிப் பெண் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். எனக்கு ஜப்பான் ஞாபகம் வந்தது.

சிரிக்காதீர்கள். மல்லிகை வாசம் வந்தால் கல்யாணவீடு ஞாபகம் வருகிறவர்கள் இருக்கிறார்கள் இல்லையா? எனக்கு வேப்பம்புண்ணாக்கு என்றால் பனி மூடிய கோட்டை, முதுகில் கொடி கட்டிய குதிரைக்காரர்கள், ஈட்டியோடு ஆற்றைக் கடக்கிற குடியானவர்கள். சென்னைக்கு அங்கிட்டு நான் எங்கேயும் போனதில்லை. ஆனால் பதினேழு வயதில் அந்த நாட்டில் பாதியை ஆண்டிருக்கிறேன், அரிமளம் கடைவீதியில், பெரியப்பாவின் உரக்கடை மச்சில் உட்கார்ந்தபடி.

மச்சு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கடைக்குள்ளேயே மரப்படி ஏறினால் பலகை பாவிய ஒரு பரண், அவ்வளவுதான். நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். கீழே ஈரம் ஏறும் என்று புண்ணாக்கு மூட்டைகளை அங்கேதான் அடுக்குவார்கள். அந்த மூட்டைகளுக்கு நடுவில் பெரியப்பா மகன் சரவணன் அண்ணன் இரண்டு பழைய கம்ப்யூட்டர்களை வைத்திருந்தான். ஊரில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தை மூடியபோது அள்ளிக்கொண்டு வந்தவை. இரண்டையும் ஒரு ஒயரால் இணைத்து, எவனோ ஒரு நண்பனின் பென்டிரைவில் வந்த அந்த விளையாட்டை ஏற்றிவிட்டான். நாங்கள் எதிரெதிரே, ஆளுக்கொரு மூட்டை மேல் உட்கார்ந்து ஆடுவோம். என் பாவாடையெல்லாம் புண்ணாக்கு வாசம். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைகள் என்னை எறும்பு அண்டாதவள் என்பார்கள்.

விளையாட்டு இதுதான். பழைய கால ஜப்பான். ராஜா பேருக்கு ஒருவர் எங்கோ இருப்பார். நாட்டைப் பங்கு போட்டு ஆள்வது குறுநிலத் தலைவர்கள். ஆளுக்கொரு கோட்டை, கோட்டையைச் சுற்றி நெல் வயல், வயலில் குடியானவர்கள். படை என்று தனியாக ஒன்று கிடையாது. சண்டை வந்தால் அந்தக் குடியானவர்களைத்தான் ஈட்டி கொடுத்துக் கூப்பிட வேண்டும். முடிந்ததும் வயலுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். திரையின் மூலையில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதில் பூ, சூரியன், பழுத்த இலை, பனித்துளி என்று நாலு படம், நாலு பருவத்துக்கு.

சரவணன் அண்ணன் என்னைவிட நாலு வயது மூத்தவன். ஐடிஐ முடித்துவிட்டு சிங்கப்பூர் பர்மிட்டுக்குக் காத்திருந்தான். அவனிடம் நான் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. தோற்பதுகூடப் பரவாயில்லை, அவன் பேச்சுதான் தாங்காது.

"என்ன பாப்பா, ஒன் ஆளுகள்லாம் எங்க போறாக? வேண்டுதலா?"

"சும்மா இருண்ணே."

"இல்ல, எல்லாரும் என் கோட்டைப் பக்கமா நடந்து வாராகளே, சோறு கேட்டு வாராகளோன்னு பாத்தேன்."

சோறு கேட்டுத்தான் வந்தார்கள். அதுதான் வயிற்றெரிச்சல். ஒவ்வொரு ஆட்டத்திலும் குளிர்காலம் வந்தால் என் களஞ்சியம் காலியாகிவிடும். பனியில் நின்று என் ஆட்கள் ஒவ்வொருவராகக் கொடியைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அண்ணன் பொடிநடையாக வந்து திறந்து கிடக்கிற என் கோட்டைக்குள் நுழைவான்.

ஈட்டி போதவில்லை என்று நினைத்து ஈட்டி சேர்த்தேன். குதிரை வாங்கினேன். சுவரை உயர்த்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. இதற்கு நடுவில் கீழே வியாபாரம் வேறு. நாங்கள் போடுகிற சத்தத்துக்குப் பெரியப்பா கல்லாவிலிருந்தே குரல் கொடுப்பார்.

"மேல என்னடா சத்தம்?"

"சண்டைப்பா!"

"யாருக்கும் யாருக்கும்?"

"சப்பான்காரனுக்கும் சப்பான்காரனுக்கும்!"

"அவனுக அடிச்சுக்கிட்டா நீங்க எதுக்குடா ஊடால போறீக? எறங்கி வந்து மூட்டையத் தூக்கு."

என் தவறு எனக்குப் புரிந்தது ஒரு மத்தியானம், தற்செயலாகத்தான். அண்ணன் பர்மிட்டுக்கான மெடிக்கல் பரிசோதனைக்குத் திருச்சி போயிருந்தான். நான் தனியாகக் கம்ப்யூட்டரோடு மோதிப் பழகிக்கொண்டிருந்தேன். சக்கரத்தில் பழுத்த இலை வந்ததும் வழக்கம்போலக் குடியானவர்களைப் படைக்குக் கூப்பிடக் கையைக் கொண்டுபோன நேரத்தில், பெரியப்பா சாப்பிடப் போகணும் என்று கூப்பிட்டுவிட்டார்.

"ஏத்தா, கீழ வா. ஆளு நிக்கிது."

ஆட்டத்தை நிறுத்தாமலே இறங்கினேன். வந்தவர் புண்ணாக்கு கேட்டார், அப்புறம் நெல்லுக்கு எது போடலாம் என்று கேட்டார், அப்புறம் நான் என்ன படிக்கிறேன், எந்த ஊரில் பெண் எடுத்தவர் எங்கப்பா என்று எல்லாம் கேட்டார். ஆற அமர அவரை அனுப்பிவிட்டு மேலே போனேன். கோட்டை எரிந்து சாம்பலாகியிருக்கும் என்று நினைத்துப் போனால், களஞ்சியம் நிரம்பி வழிகிறது! அதுவரை நான் பார்த்தே இராத அளவுக்கு நெல்.

என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. ஆட்களை வயலிலேயே விட்டுவிட்டு வியாபாரம் பார்த்தேன். உடனே அடுத்த வருஷத்தை ஓடவிட்டு, சக்கரத்தில் இலை வந்ததும் வயலை உற்றுப் பார்த்தேன். வயல் மஞ்சளாக இருந்தது. அதை நான் எப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மரத்து இலையெல்லாம் பழுக்கிறதே, அதோடு சேர்த்து அழகுக்காக வயலுக்கும் மஞ்சள் பூசியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன்! அது விளைந்து நின்ற நெல். ஆட்கள் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் தப்பை எங்கள் பக்கத்துப் பிள்ளையைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். உரக்கடையில் வளர்ந்தவளுக்கு வருஷம் என்பது ஒரே வரிசைதான். ஆவணி, புரட்டாசியில் விதைப்பு, கடையில் கூட்டம். ஐப்பசி, கார்த்திகையில் மழை, கண்மாய் பெருகும். தையில் அறுப்பு. கோடை முடிந்து, குளிருக்கு முன்னால் வருகிற மாதம் என்றால் எனக்கு ஐப்பசி. ஐப்பசியில் விதைத்தாகிவிட்டது, மழை பார்த்துக்கொள்ளும், களை பறிப்பது எப்படியும் பெண்கள் பாடு. தை வரைக்கும் ஆண்களுக்கு என்ன வேலை, சண்டைக்கு வரட்டுமே! இப்படித்தான் வருஷம் தவறாமல், கதிர் முற்றி நிற்கிற நேரம் பார்த்து, அரிவாள் பிடித்த கையில் ஈட்டியைக் கொடுத்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். நெல் வயலிலேயே உதிர்ந்திருக்கிறது. பொங்கல் வரட்டும் என்று காத்திருந்த ஒரே ஜப்பான் தலைவி நானாகத்தான் இருப்பேன்.

அண்ணன் வந்ததும் கேட்டேன். "அங்க எல பழுக்கும்போதே அறுப்புன்னு ஒனக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும்."

"ஏண்ணே சொல்லல?"

"எதிராளிக்கு யாராச்சும் சொல்லுவாகளா? நல்ல ஆளு போ."

அதற்குப் பிறகு நான் தோற்கிற விதம் மாறியது. இதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். முன்பு பசியால் தோற்றேன், இப்போது சண்டை போட்டுத் தோற்றேன். ஆட்டம் நீண்டது. அண்ணனின் கிண்டல் குறைந்தது. அவன் படை கிளப்பப் போகிறான் என்றால் இடது கால் ஆடும், பலகை அதிரும், என் மூட்டை வரைக்கும் அந்த அதிர்வு வரும். அதை வைத்தே சுவரில் ஆளை ஏற்றிவிடுவேன். "எப்புட்றீ தெரியுது ஒனக்கு?" என்பான். சொல்வேனா?

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்தில் திருமயம் கோட்டைக்குக் கூட்டிப் போனார்கள். அரிமளத்திலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம், எத்தனையோ தடவை போன இடம். ஆனால் அன்றைக்கு நான் படைத்தலைவி. மற்றவர்கள் பீரங்கி மேல் சாய்ந்து போட்டோ எடுக்க, நான் மதிலைச் சுற்றிச் சுற்றி வந்து இதை எந்தப் பக்கம் ஏறலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கமும் ஏற முடியாது. பாறை மேல் சுனையில் தண்ணீர் வேறு கிடந்தது. தண்ணீர் இருக்கிறது, சரி, சோறு? உள்ளே எங்கேயும் ஒரு குழி நிலம்கூட இல்லை. நெல் வெளியே விளைந்து உள்ளே வர வேண்டும். அந்த வெயிலில், அந்தப் பாறை மேல், எனக்கு அது பொறி தட்டியது. கோட்டையை இடிக்கவே வேண்டாமே. நெல் உள்ளே போகிற வாரத்தில் வாசலில் போய் உட்கார்ந்தால் போதும்.

ஆனால் அந்த வாரத்தில் போனால் என் நெல்லும் போகுமே? அங்கேதான் மாட்டிக்கொண்டு நின்றேன். மாட்டிக்கொண்டு நிற்கும்போதே பர்மிட் வந்துவிட்டது.

வீடே சந்தோஷப்பட்டது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மனசுக்குள் வேறு கணக்கு. இவன் தோற்காமலே பிளைட் ஏறிவிட்டால் நான் ஆயுசுக்கும் தோற்றவள்தான். அவன் வேறு அதையே சொல்லிச் சொல்லிக் காட்டினான். கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு மத்தியானத்துக்கு மேல் லீவு, கடைசி ஆட்டம் என்று முடிவானது. உட்காரும் முன்னே ஒன்றைத் தெளிவாகச் சொன்னேன்.

"ஊருக்குப் போறோம், பாவம் பாப்பான்னு விட்டுக்குடுத்தேன்னு வையி, ஏர்போட்டுக்கு வரமாட்டேன்."

"விட்டுக்குடுக்கவா? நானா? ஒன்னய அழுக வச்சுட்டுத்தான் போறேன்."

முதல் வருஷம் நான் நகரவில்லை. அறுத்தேன், அடுக்கினேன். இரண்டாம் வருஷமும் அப்படியே. குதிரை வாங்கவில்லை, சுவரைத் தொடவில்லை, களஞ்சியத்தை மட்டும் பெரிதாக்கினேன். அண்ணன் விளைந்த நெல்லையெல்லாம் குதிரைக்கும் சண்டைக்கும் செலவழித்து, எல்லைக் கிராமங்களைக் கொத்திக்கொண்டு போனான். போகட்டும் என்று விட்டேன். மூன்றாம் வருஷம் சக்கரத்தில் பழுத்த இலை வந்தது. என் வயல் மஞ்சளாக நின்றது. என் குடியானவர்கள் அத்தனை பேரையும் அரிவாளைப் போடச் சொல்லி, ஈட்டி கொடுத்துக் கிளப்பினேன்.

அண்ணன் திரையைப் பார்த்துவிட்டுப் பலகை அதிரச் சிரித்தான். "பழைய குருடி கதவத் தொறடின்னு ஆரம்பிச்சுட்டியா? இன்னம் தைக்குத்தான் அறுக்கிறியா நீயி?"

என் படை அவன் கோட்டையைத் தொடவில்லை. கோட்டைக்கும் வயலுக்கும் நடுவில் போய் நின்றது. அவன் ஆட்கள் எல்லாம் வயலில். படைக்குக் கூப்பிட்டால் நெல் போகும். கூப்பிடாவிட்டால் அறுத்த நெல் உள்ளே வராது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரிப்பு நின்றது. இடது கால் ஆட ஆரம்பித்தது, நின்றது, மறுபடி ஆடியது. கூப்பிட்டான். மூன்று முறை மோதினான். நான் பின்வாங்கி, மறுபடி வந்து அதே இடத்தில் நின்றேன். பனி விழுந்தது. இரண்டு பேர் வயலும் வெள்ளையாகிவிட்டது. ஆனால் என்னிடம் இரண்டு வருஷ நெல் இருந்தது. நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அவன் ஆட்கள் கொடியைப் போட ஆரம்பித்தார்கள். கடைசியில் கதவு உள்ளிருந்தே திறந்தது.

நான் கத்திய கத்தில் பெரியப்பா வீட்டிலிருந்து ஓடிவந்தார், மச்சு இடிந்துவிட்டது என்று. அண்ணன் கீழே இறங்கிப் போனான். அன்றைக்குச் சாப்பிடும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. குழம்பை என்னிடம் கேட்காமல் எழுந்துபோய் அவனே எடுத்துக்கொண்டான். விட்டுக்கொடுத்தவன் அப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளமாட்டான். அந்த முகம்தான் எனக்குக் கிடைத்த கப்பு. திருச்சி ஏர்போர்ட் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே போனேன். உள்ளே போகப்போகும்போதுதான் வாயைத் திறந்தான். "ரெண்டு வருசம் சேத்து வச்சு அடிச்ச பாரு, கேடி நீயி." பெட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டான். நான்தான் அழுதேன். அதைத்தான் சொல்லியிருந்தான் இல்லையா.

இப்போது அந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் கடை. பெரியப்பா வாடகைக்கு விட்டுவிட்டார். மச்சைப் பிரித்து, கூரைக்கு அடியில் வெள்ளையாக அட்டை அடித்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர்கள் பழைய சாமானுக்குப் போயின. அந்த விளையாட்டு என் லேப்டாப்பில் திறக்கவே மறுக்கிறது. புதிய பதிப்பு வாங்கி, திருச்சியில் வேலை முடிந்து வந்தபின் முகம் தெரியாத யார் யாரோடோ இணையத்தில் ஆடுகிறேன். நன்றாகவே ஜெயிக்கிறேன், சொல்லிக்கொள்ள என்ன வெட்கம். ஆனால் எதிரே இருக்கிறவன் கால் ஆடுகிறதா என்று தெரிவதில்லை. படை திடீரென்று வந்து நிற்கிறது. சோறு கேட்டு வாராகளா என்று கேட்க ஆளில்லை.

பஸ்ஸில் வரும்போது இதையெல்லாம் நினைத்துச் சிரித்தபடி அண்ணனுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். அவன் அறையில் கூட இருக்கிற பையன்களோடு அவனும் புதிய பதிப்பைத்தான் ஆடுகிறானாம். உடனே குரலில் பதில் வந்தது: "தரையில நீ பெரிய ஆளுதான், ஒத்துக்கிறேன். இதுல தீவு இருக்கு, கப்பல் இருக்கு. கடல்ல வா தாயி, பாப்போம்."

கடல் சண்டையில் நான் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. பழகிப் பார்த்தால் என் கப்பல்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டே மூழ்குகின்றன, எதிரி வரவேண்டிய அவசியமே இல்லை. நேற்றுத்தான் முதல் தடவையாக, காற்றுக்கு எதிரே, வரிசை கலையாமல் திரும்பின.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு. ஆட்டத்து வரைபடத்தில் வடக்கு ஓரத்தில் ஒரு தீவு இருக்கிறது. வயல் கிடையாது, ஊர் கிடையாது, வெறும் காடு. அண்ணன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். நான் முதலில் அங்கேதான் போய் இறங்கப் போகிறேன். கப்பல் கட்ட மரம் வேண்டுமே.