செவலை உடைத்த தூண்டில் கம்பு

எங்கள் ஆடு செவலை தூண்டில் கம்பை மிதித்து உடைத்துவிட்டது என்று நான் பொய் சொன்னபோது நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் அதுவரை நாலாம் வகுப்பை எட்டியவர் யாரும் இல்லை. அதனால் என் சொல்லுக்கு வீட்டில் தனி மதிப்பு. படிக்கிற பிள்ளை சொல்லும்போது ஆடு என்ன பதில் சொல்ல முடியும்?

கம்பு எங்களுடையது அல்ல. ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்த ஒரு சாருடையது. நாகமரைப் பக்கம், மேட்டூர் அணையின் தண்ணீர் கண்ணுக்கெட்டும் தூரம் விரிந்து கிடக்கும் இடத்தில், என் தாய்மாமன் பரிசல் ஓட்டினார். மாதத்தில் இரண்டு ஞாயிறு அந்த சார் மோட்டார் சைக்கிளில் வருவார். மாமாவின் பரிசலில் உட்கார்ந்து, ரப்பர் தவளை ஒன்றை நடுத்தண்ணீரில் வீசி, அதைத் தண்ணீரின் மேலேயே துள்ள விட்டு விரால் பிடிப்பார். பிடித்ததில் பாதியைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். அம்மாவுக்கு இது கடைசிவரை புரியவில்லை.

"திங்காத மீனை எதுக்குடா புடிக்கறாரு? சும்மா பாத்துட்டு உடறதுக்கா?" என்று மாமாவைக் கேட்பார்.

கம்பைச் சுமந்துகொண்டு அலைய வேண்டாம் என்று சார் அதை எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். பளிச்சென்ற பச்சை நிறம். அதன் மேல் பொடி ஆங்கில எழுத்துகள். தெருவில் யார் வந்தாலும் நான் அதை எடுத்துவந்து எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டுவேன். அப்படி ஒரு மாலை இரண்டு பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டியபோது, அவர்கள் எழுத்தில் அக்கறை காட்டாமல் கொடுக்காப்புளி மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உச்சிக் கிளையில் காய் பழுத்து வெடித்துத் தொங்கியது. என் கையிலோ இவ்வளவு நீளக் கம்பு. கொத்தில் மாட்டி ஓர் இழுப்பு இழுத்தேன். காய் விழவில்லை; கம்பின் நுனி ஒரு சாண் அளவுக்கு ஒடிந்து விழுந்தது.

செவலை பக்கத்தில்தான் மேய்ந்துகொண்டிருந்தது. தாயில்லாக் குட்டியாக வந்ததை நான்தான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தேன். பழியைப் போட வேறு ஆள் கிடைக்கவில்லை.

அம்மா உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "அந்தக் கம்பு என்ன வெலையோ! சாரு வந்து கேட்டா நாம எங்க போறது? செவலையச் சந்தைக்கு ஓட்டிட வேண்டியதுதான். ஒடைச்சது அதுதான?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆட்டுக்கு நாலு அடி விழும், அதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன்.

மாமா உடைந்த கம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஞாயித்துக்கெழமைக்குள்ள வேறொன்னு வாங்கி வெக்கறேன்க்கா. அவருக்குப் புடிச்சிருந்தா ஆடு தப்பிச்சிது. புடிக்கலன்னா அப்பறம் பாக்கலாம்" என்றார்.

சனிக்கிழமை காலை மாமா என்னையும் தர்மபுரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கம்பில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க ஆள் வேண்டுமே. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வலையும் தூண்டில் முள்ளும் விற்கும் ஒரு பாயின் கடை. மாமா சாக்கைப் பிரித்து உடைந்த கம்பை அவரிடம் நீட்டினார். நீட்டும் முன் தூண்டில் நரம்பு ஓடும் வளையம் ஒன்றில் சிக்கியிருந்த எதையோ நகத்தால் கிள்ளி எடுத்தார். கொடுக்காப்புளியின் சிவந்த தோல். அதைக் கீழே போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். பார்த்ததோடு சரி. என் கண்ணெல்லாம் சுவரில் மாட்டியிருந்த ஒரு பச்சைக் கம்பின் மேல் இருந்தது.

"மாமா, அதேதாங்க! அதே பச்சை!" என்று சொல்லி, அதன் மேலிருந்த எழுத்துகளைக் கடை முழுக்கக் கேட்கும்படி படித்தேன்.

பாய் சிரித்தார். "பாப்பா நல்லாப் படிக்குது. ஆனா அது பாசிக்குள்ள கெடக்கற மீனைப் பிடுங்கி எடுக்கற கம்புங்க. வெறப்பா இருக்கும். வெறும் தண்ணியில போட்டீங்கன்னா, மீன் வாயைத் தொறக்கறதுக்குள்ள தவளையைப் பிடுங்கிடும்."

மாமா வீசிப் பார்க்க மூன்று கம்புகளை எடுத்துக்கொண்டு கடைக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்துக்குப் போனார். கடைக்காரப் பாய், முள் இல்லாத ஒரு ரப்பர் தவளையை நரம்பில் கட்டிக் கொடுத்தார். மாமா வெறுந்தரையில், பரிசலில் உட்காருவதைப் போலவே குந்தி உட்கார்ந்தார். எதிரே டீக்கடை. எனக்கு மானம் போயிற்று.

முதல் கம்பு நெடுநீளம். வீசிவிட்டு நுனியைத் தாழ்த்தித் தவளையைத் துள்ள விட்டபோது, நுனி தரையில் தட்டியது. "நின்னுட்டு வீசறவங்களுக்கு இது சரி. பரிசல்ல கைக்கும் தண்ணிக்கும் ஒரு மொழந்தான். இது தண்ணிய அடிச்சு மீனை வெரட்டிடும்." அடுத்தது என் பச்சைக் கம்பு. தவளை தூரமாய்ப் போக வேண்டுமானால் தோளோடு சேர்த்து ஓங்கி வீச வேண்டியிருந்தது. "இப்பிடி வீசினா பரிசல் சுத்திக்கும். சாரு கரையப் பாத்து உக்காந்திருப்பாரு." மூன்றாவது கறுப்பு. மாமா மணிக்கட்டை லேசாகச் சுண்டினார். தவளை பறந்துபோய் டீக்கடை பெஞ்சின் அடியில் விழுந்தது.

"என்னங்கண்ணா, தரையில மீன் புடிக்கறீங்க?" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர்.

"நம்மூர்ல தண்ணிய எங்க பாக்கறது? தரையிலதான் புடிக்கோணும்" என்றார் இன்னொருவர். "மாட்டுச்சுன்னா எனக்கொரு கிலோ போடுங்க!"

மாமா சிரிக்கவே இல்லை. "அண்ணா, அந்தத் தவளையக் கொஞ்சம் புடிச்சு இழுங்க. நீங்கதான் வெரால்" என்றார். அந்த ஆள் டீ கிளாசை வைத்துவிட்டு நரம்பைப் பிடித்து மெய்யாகவே இழுத்தார். கம்பு நுனியிலிருந்து வளைந்து, பாதியில் வந்து உறுதியாக நின்றது. மாமா தலையை ஆட்டிக்கொண்டார்.

"கறுப்புங்க மாமா! பாத்ததுமே சாரு கண்டுபுடிச்சுடுவாரு!" எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பாக்கறதுக்கா கண்ணு வாங்கறோம்? வீசறதுக்கு."

திரும்பி வரும்போது நான் மாமாவோடு பேசவில்லை. அவரே செவலையைச் சந்தைக்கு ஓட்டிவிட்டதாகத்தான் எனக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை சார் வண்டியை நிறுத்துவதற்குள் மாமா உடைந்ததும் புதியதுமாக இரண்டு கம்புகளையும் அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தார்.

"சார், உங்க கம்பை நான்தான் ஒடைச்சுட்டேன். எடுத்து வெக்கும்போது கால் பட்டுடுச்சு. இதைப் போட்டுப் பாருங்க. புடிக்கலன்னா சொல்லுங்க, வேற ஏற்பாடு பண்ணிக்கலாம்."

சார் கறுப்புக் கம்பைக் கையில் தூக்கிப் பார்த்தார். பரிசல் கிளம்பியது. நான் கரையில் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது என் பாவாடை நுனியை மென்றுகொண்டிருந்தது.

தூரத்தில் விரால் ஒன்று மூச்சு வாங்க மேலே வந்து ஒரு வட்டம் போட்டது. சார் உட்கார்ந்தபடியே சுண்டினார். பரிசல் அசையவில்லை. தவளை வட்டத்தைத் தாண்டி விழுந்து, துள்ளித் துள்ளி வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை வீசினார். அப்போதும் இல்லை. மூன்றாம் தடவை தண்ணீர் வெடித்தது. டீக்கடை ஆள் இழுத்தபோது வளைந்தது போலவே கம்பு வளைந்து, பாதியில் நின்றது.

கரைக்கு வந்த சார் விராலை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மாமாவிடம் கேட்டார்: "பழசை விட இது நல்லா இருக்குங்க. கையே வலிக்கல. எப்படிப் பாத்து எடுத்தீங்க?"

"தர்மபுரியில ஒரு வெரால் டீ குடிச்சுட்டு இருந்துச்சுங்க சார். இழுத்துப் பாத்தேன்."

அம்மா செவலையைப் பார்த்து, "பொழச்சுப் போ" என்றார். அந்த வாரம் முழுக்க நான் அதற்குக் கை நிறைய அகத்திக்கீரை ஒடித்துப் போட்டேன். மனம் காற்றாய் லேசாகிவிட்டது. ஆட்டின் குற்றத்தை மாமா ஏன் தன் மேல் போட்டுக்கொண்டார் என்று நான் யோசிக்கவே இல்லை.

அதன் பிறகு பல நாள், நான் பக்கத்தில் இருக்கும்போதெல்லாம் மாமா செவலையின் காதைப் பிடித்துக்கொண்டு, "இனிமே சாரோட கம்பைத் தொடுவியா?" என்று கேட்பார்.

அது பேசாமல் நிற்கும். "தொடாதுங்க மாமா" என்று நான்தான் அதற்காகப் பதில் சொல்வேன்.

"சொன்னாச் சரி" என்று காதை விட்டுவிடுவார்.

ஓர் ஆட்டிடம் உட்கார்ந்து இவ்வளவு பேசுகிறாரே, மாமாவுக்குச் செவலையின் மேல்தான் எத்தனை பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.