பனியாற்றுக்கு வைத்த பொட்டு

தொண்ணூற்றொன்றில் நாடே தாராளமயமாகிக்கொண்டிருந்தது. எனக்கு மாமனாராக வரவிருந்தவர் மட்டும் ஆகவில்லை. மணிமங்கலத்துக்காரர். "வேலை பர்மனென்ட் ஆவட்டும் தம்பி, அப்பால பத்திரிகை அடிச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டார். நான் ஒரகடம் ரோட்டில், பம்ப் பாகங்களை லேத்தில் கடைந்து கொடுக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் டிரெயினி. டிரெயினிகளில் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்பதை ஆயுத பூஜை முடிந்ததும் முதலாளி சொல்வதாக இருந்தார்.

எங்கள் ஆபீஸ் சுவரில் கதவு அளவுக்கு ஒரு படம் மாட்டியிருந்தது. ஏதோ ஒரு குளிர் தேசத்தில் இருந்த முதலாளியின் தம்பி, சின்ன விமானத்தில் பறந்து, பனிமலை உருகி ஓடும் ஆற்றை மேலிருந்து எடுத்தது. பெரிதாக்கி, பலகையில் ஒட்டி, அண்ணனுக்கு அனுப்பியிருந்தார். கறுப்பு மணலில் வெளிர்நீல இழைகள் பிரிவதும் சேர்வதுமாகப் போய்க்கொண்டிருக்கும். ஆறு என்று யாராவது சொன்னால்தான் தெரியும். சரக்கு எடுக்க வருகிறவர்கள் "இன்னா சார், எக்ஸ்ரேவா?" என்பார்கள். கடைந்த பாகங்களை அளந்து பார்க்கும் இன்ஸ்பெக்‌ஷன் அக்கா, "எங்க அத்தை கால் நரம்பு அச்சு அசலா இப்டிதான் கீது" என்பார்.

அந்தப் படத்துக்கு என்னை நானே வழிகாட்டியாக நியமித்துக்கொண்டிருந்தேன். பாலாற்றைத் தவிர வேறு ஆற்றைப் பார்த்ததில்லை. அதிலும் தண்ணீரைப் பார்த்ததில்லை. ஆனாலும் வருகிறவர்களிடம், "ஐஸ் உருகினா இந்தக் கலர்தான் சார் வரும்" என்று, பக்கத்தில் நின்று உருக்கியவன் போலச் சொல்வேன்.

பூஜையன்று காலையில் சந்தனம், குங்குமம் வைக்கும் வேலை எனக்கு. லேத், டிரில்லிங் மெஷின், தராசு, சைக்கிள், டெலிபோன் எல்லாம் முடிந்தும் கிண்ணத்தில் கரைத்த குங்குமம் மிச்சம் இருந்தது. படத்தைப் பார்த்தேன். சுவரில் மாட்டிய படத்துக்குப் பொட்டு வைக்காமல் நகர்ந்து பழக்கமில்லாத கை. சாமி படத்துக்கு வைக்கிற மாதிரி நாலு விரல் நனைய எடுத்து வைத்தேன். வைத்த பிறகுதான் விரலுக்குத் தெரிந்தது: கண்ணாடி இல்லை.

குங்குமம் ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கியது. பதறிப்போய் ஈரத் துணியால் துடைத்தேன். பனியாறு வெற்றிலை போட்டுக்கொண்டது.

பின்னாலிருந்து லேத் ஓட்டும் அண்ணன் குரல் கேட்டது. "மாப்ளே, இன்னா பண்ணிக்கினு கீற?"

"தொடைக்கிறேண்ணே."

"தொடைக்கிறியா, பெயின்ட் அடிக்கிறியா? லீவுல ஊருக்கு வந்த மொதலாளி தம்பி இன்னிக்கு பூஜைக்கு வர்றாரு, தெரியும்ல?"

எனக்குத் தெரியாது.

"பத்திரிகைக்கு ஆர்டர் குட்த்துட்டியா?"

"இல்லண்ணே."

"நல்லதாப் போச்சு."

வாசலுக்கென்று வந்த இரண்டு வாழைக்கன்றுகளில் ஒன்றைத் தூக்கி வந்து படத்துக்கு முன்னால் நிறுத்திக் கட்டினேன். வாசலில் ஒரு பக்கம் மட்டும் வாழை நின்றது. அதை ஒருவரும் கவனிக்க மாட்டார்கள் என்று நம்பும் அளவுக்கு என் அறிவு வேலை செய்துகொண்டிருந்தது.

அண்ணனும் தம்பியும் வந்தார்கள். கற்பூரம் காட்டியாயிற்று. முதலாளி தட்டோடு ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துவிட்டு ஆபீஸ் பக்கம் வந்தார்.

"வாசல்ல ஒண்ணு, உள்ள ஒண்ணு. யார்ரா வாழைய இப்டி கட்னது? தள்ளு, தம்பி படத்த மறைக்குது."

தள்ளினேன். மணிமங்கலத்தில் பத்திரிகை அடிக்காமலே கிழிந்துகொண்டிருந்த சத்தம் எனக்குக் கேட்டது.

முதலாளி சிவந்த ஆற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீ வெச்ச பொட்டா?"

"ஆமா சார்."

"இதுக்குப் பேரு பொட்டா? ஈஷி வெச்சிகீற. பர்மனென்ட்னு உனக்கு லெட்டர் டைப் அடிக்கச் சொல்லிட்டு வரேன், ஒரு பொட்டு ஒழுங்கா வெக்கத் தெரியல."

சொல்லிவிட்டுத் தட்டிலிருந்த சந்தனத்தை உள்ளங்கை நிறைய அள்ளி, ஆற்றின் நட்டநடுவில் அப்பினார். அதன்மேல் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம்.

"அண்ணே, அது போட்டோண்ணே," என்றார் தம்பி, தலையில் கை வைத்துக்கொண்டு.

"இருக்கட்டுமே. தொழில் நடக்குற எடத்துல கீற எல்லாத்துக்கும்தான் வெக்கணும்."

தம்பி விரலால் அதைச் சுரண்டிப் பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "அடுத்தது கண்ணாடி போட்டு அனுப்புறேன்," என்றார். குங்குமக் கையோடு நான் பொரி வாங்கிக்கொண்டேன்.

லேத் அண்ணன் என் காதருகே குனிந்தார். "மாப்ளே, பத்திரிகைக்கு மஞ்சா தடவுற வேலைய மட்டும் வேற யாருகிட்டயாச்சும் குட்த்துடு."

கொடுத்துவிட்டேன். இன்ஸ்பெக்‌ஷன் அக்காதான் தடவித் தந்தார். நாலு மூலையிலும், அளவாக.