உலகம் முடிந்ததும் வெளியே வரலாம்

அந்தக் குளிர்கிடங்கில் வேலை செய்தவர்களுக்கு உலகம் ஒரு நாளைக்குப் பல தடவை முடிந்தது. ஒவ்வொரு தடவையும் அவர்கள் வெளியே வந்து வெந்நீர் குடித்தார்கள்.

மீனும் இறைச்சியும் அட்டைப்பெட்டிகளில் கூரைவரை அடுக்கியிருக்கும் உறைபனி அறை அது. உள்ளே போனால் கைக்கடிகாரம் நின்றுவிடும், செல்போன் செத்துவிடும். ராட்சத மின்விசிறிகளின் இரைச்சலில் வெளியே மணி அடித்தாலும் கேட்காது. ஒருவர் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கலாம் என்று விதி இருந்தது; அந்த நேரத்தை அளக்கத்தான் வழி இல்லை. பழைய மெக்கானிக் ஒரு வழி கண்டுபிடித்தார். அவருக்குப் பிடித்த வெளிநாட்டு ராக் பாட்டு ஒன்று, உலகம் அழிவதைப் பற்றியது, விதி சொன்ன நேரத்துக்குச் சரியாக ஓடியது. அதை உள்ளே, தலைக்கு மேலே ஒரு பெரிய ஒலிபெருக்கியில் அலறவிட்டார். பாட்டு தொடங்கும்போது உள்ளே போகவேண்டும். கடைசியில் பாடகன் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கத்துவான். பிறகு எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுபோகும். அப்போது வெளியே வரலாம். அதற்கு முன்னால் வந்தால் அன்றைய வேலை கணக்கில் சேராது.

வெந்நீரக்கா அங்கே மூத்த கை. இடுப்பில் எப்போதும் ஒரு பிளாஸ்க் தொங்குவதால் அந்தப் பெயர். புருஷன் நெடுந்தூர லாரியில் போனால் வாரக்கணக்கில் திரும்பமாட்டான். அவனுடைய தங்கையை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அக்காதான். "என் தங்கச்சி உன் பொறுப்பு" என்று அவன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அக்கா அதை மறக்கிற ஆள் இல்லை.

பாட்டின் மொழி யாருக்கும் தெரியாது. சரக்கு ஏற்ற வந்த, ஊர் ஊராகச் சுற்றிய வேறொரு லாரிக்காரன்தான் அர்த்தம் சொன்னான்.

"கடல் கொதிக்குமாம். கோபுரமெல்லாம் சாயுமாம். பூட்டெல்லாம் தானா திறந்துக்குமாம்."

"பூட்டு திறக்கட்டும்," என்றான் மூட்டை தூக்கும் தடியன். "மொதல்ல மேனேஜர் ரூம்ல இருக்கற ஹீட்டரைத் தூக்கிட்டு வரேன்."

நாத்தனாருக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. "தினமும் அழிவைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா ஒரு நாள் நெஜமாவே வந்து நிக்கும், பாருங்க அண்ணி."

"வரட்டும்டி. அதுக்கும் ஒரு டம்ளர் வெந்நீர் குடுப்போம்."

பாட்டின் நடுவில் ஓர் அமைதியான இடம் உண்டு. ஒற்றை கிதார் மட்டும் முனகும். அங்கே, பதிவுசெய்த கூடத்தில் யாரோ இருமியது அழிக்கப்படாமல் கிடந்தது. வறட்டு இருமல், கடைசியில் ஒரு சின்னச் செருமல். கிடங்குக்காரர்கள் அவனுக்கு இருமல்காரன் என்று பேர் வைத்திருந்தார்கள். இருமல்காரன் வந்துவிட்டால் பாதி தாண்டிவிட்டது. உறைந்த விரல்களுக்கு அந்த முகம் தெரியாத ஆளைவிட நெருங்கிய சொந்தம் கிடையாது.

மெக்கானிக் நெஞ்சுச்சளியில் இருமி இருமிச் செத்தார். அவர் போன கொஞ்ச நாளில் பாட்டு நீள ஆரம்பித்தது.

முதலில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தன் உடம்புதான் தளர்ந்துவிட்டது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு நாள் இருமல்காரன் வந்துபோனான். பெட்டிகளுக்கு நடுவே வெள்ளை மூச்சு மிதந்தது. கிதார் முனகிக்கொண்டே இருந்தது. மறுபடியும் அந்த இருமல் கேட்டது. அடுக்குகளுக்கு இடையே நின்ற எல்லோரும் அசையாமல் ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். அதைச் சுற்றிப் பனி தாடிபோல் தொங்கியது.

"அது மெக்கானிக்குதான்," என்றாள் நாத்தனார், வெளியே வந்ததும். "அவர்தான் பாட்டுக்குள்ள உக்காந்திருக்கார். நம்மள விட மாட்டேங்கறார்."

பேச்சு கிடங்கு முழுவதும் பரவியது. மேஸ்திரி அதை மேனேஜரிடம் கொண்டுபோனார். மேனேஜர் சிரித்தாராம். "செத்தவங்கமேல நமக்கு என்னய்யா அதிகாரம் இருக்கு?" என்றாராம்.

ஒரு பேய் யாருக்காக உழைக்கிறது என்று பார்த்தாலே போதும், அது யார் வளர்க்கிற பேய் என்று தெரிந்துவிடும். இந்தப் பேய் வந்தபிறகு ஒவ்வொரு தடவையும் கூடுதல் பெட்டிகள் லாரி ஏறின. ஆனால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பயந்தவர்கள் கணக்குப் போடுவதில்லை. பயமுறுத்துகிறவனுக்கு அது வசதி. வெந்நீரக்காவும் பயந்தவள்தான். இரண்டாவது இருமல் வரும்போதெல்லாம் கழுத்தில் யாரோ விரல் வைத்ததுபோல் இருக்கும் அவளுக்கு.

அன்று பெரிய சரக்கு. இருமல்காரன் வந்தான், போனான், மறுபடி வந்தான். அக்கா திரும்பிப் பார்த்தபோது நாத்தனார் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். கையுறையைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். விரல்கள் மெழுகுபோல் வெளுத்திருந்தன.

"என்னடி பண்றே? மாட்டு அதை."

"குளிரவே இல்லை அண்ணி." அவள் சிரித்தாள். வார்த்தைகள் குழறின. "நல்லா வெதுவெதுன்னு இருக்கு." அந்தக் குளிரில் வெதுவெதுப்பு தெரிந்தால் உடம்பு சாகத் தொடங்கிவிட்டது என்று மூத்த கைகளுக்குத் தெரியும்.

"எந்திரி. வெளியில போலாம்."

"பாட்டு முடியலையே."

"பாட்டு கெடக்கட்டும்."

"முடியலையே அண்ணி. அவர் விட்டாத்தானே போகமுடியும்."

அக்கா அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். நாத்தனார் கல்லாக இருந்தாள். கதவோ அடுக்குகளுக்கு அப்பால், பனிமூட்டத்தில் தெரியாத தூரத்தில். அக்கா உதவிக்குக் கத்தினாள்; விசிறி இரைச்சல் குரலை விழுங்கியது. பக்கத்தில் நின்ற தடியன் மட்டும் திரும்பினான். அவன் கண்ணிலும் நாத்தனாரின் கண்ணில் இருந்த அதே மயக்கக் கலங்கல்.

அப்போது இருமல் மூன்றாம் முறை வந்தது.

வறட்டு இருமல், கடைசியில் சின்னச் செருமல். அக்கா அதைக் கேட்டாள். முதல் தடவை மாதிரியே, இரண்டாம் தடவை மாதிரியே, ஒரு மயிரிழை பிசகாமல். அவள் மெக்கானிக்கின் கடைசி நாட்களில் அவர் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். செத்துக்கொண்டிருந்த மனிதன் ஒருமுறை இருமியதுபோல் மறுமுறை இருமியதில்லை. உயிருள்ள எவனும், செத்த எவனும் இப்படி அச்சடித்து இருமமாட்டான். யாரோ உட்கார்ந்து அந்தத் துண்டை எடுத்து, மறுபடி ஒட்டி, மறுபடி ஒட்டியிருக்கிறார்கள்.

கழுத்திலிருந்த விரல் போய்விட்டது. அந்த இடத்தில் ஆத்திரம் ஏறியது.

அவளுக்குப் பாடத் தெரியாது. பாட்டின் மொழியும் தெரியாது. ஆனால் அந்த முடிவை எத்தனையோ ஆயிரம் தடவை கேட்டவள். பெட்டியின் மேல் ஏறி நின்றாள், வாயருகே கைகளைக் குவித்து, அடிவயிற்றிலிருந்து அந்தக் கடைசி வார்த்தையைக் கத்தினாள். மறுபடி கத்தினாள். தடியன் ஒரு கணம் விழித்தான், பிறகு அவனும் சேர்ந்துகொண்டான். அடுத்த அடுக்கில் இன்னொரு குரல். கிதாரை மூழ்கடித்துக்கொண்டு, சுருதி சேராமல், நாலா பக்கமும் உலகம் முடிந்தது.

கால்கள் பழக்கத்துக்குக் கீழ்ப்படிந்தன. பெட்டி இழுக்கும் கொக்கிகள் தரையில் விழுந்தன. நாத்தனார் தானாகவே எழுந்து கதவை நோக்கி நடந்தாள், அக்கா பின்னாலிருந்து தள்ள.

கதவில் நின்ற மேஸ்திரிக்கு ஒன்றும் புரியவில்லை. "பாட்டு இன்னும் ஓடுதேம்மா?"

"ஓடட்டும். எங்களுக்கு முடிஞ்சிடுச்சு."

மேனேஜர் வரும்போது அக்கா தரையில் உட்கார்ந்து நாத்தனாரின் கைகளை ஒரு வாளி இளஞ்சூட்டு நீரில் பிடித்திருந்தாள். மற்றவர்கள் கதவருகே நின்றார்கள். கதவைத் தடியன் அகலத் திறந்து வைத்திருந்தான். உள்ளிருந்து பனிமூட்டம் மேனேஜரின் மெல்லிய சட்டைமேல் படர்ந்தது.

"என்ன இதெல்லாம்? உள்ளே போங்க."

"பாட்டு முடியட்டும் சார்," என்றாள் அக்கா, நிமிராமல். "நீங்களும் சேர்ந்து கேளுங்க."

"அதை நிறுத்துய்யா மேஸ்திரி."

மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "உலகம் அழியறதை நான் எப்படி சார் நிறுத்தறது?"

ஆளில்லாத அறைக்குள் ஒலிபெருக்கி முனகிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை இருமல் வந்தது. எல்லோரும் மேனேஜரையே பார்த்தார்கள். கிதார் தொடர்ந்தது. மறுபடி அதே இருமல், அதே செருமல். மேனேஜரின் உதடுகள் நடுங்கின. குளிரினாலா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

வாளிக்குள் விரல்கள் மெல்லச் சிவந்தன. திடீரென்று நாத்தனார் வாய்விட்டு அழுதாள். ஆயிரம் ஊசி குத்துவதுபோல் வலிக்கிறது என்று அண்ணியைத் திட்டினாள், கையைப் பிடுங்கப் பார்த்தாள்.

"வலிக்கட்டும்டி," என்றாள் வெந்நீரக்கா, பிடியை விடாமல். "நல்லா வலிக்கட்டும்."