மூடி போட்ட மாடு

முதலிபாளையத்தில் வீட்டிலேயே மிஷின் போட்டு நான் பனியன் தைத்துக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். மாட்டு டாக்டர் என்றார். இஸ்திரி போட்ட சட்டை, அதற்குள்ளிருந்து சாண வாடை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. சல்லடை போன்ற நைலான் துணியைக் கொடுத்து, உள்ளங்கை அகலத்துக்குப் பைகள் தைக்கச் சொன்னார். முதல் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தையலில் ஓட்டை தேடினார்.

கஞ்சா கட்டத்தான் என்று நினைத்தேன். போலீஸ் வந்தால் என் மிஷினைத்தானே தூக்கிக்கொண்டு போவான்?

"இதுல என்னத்தைங்க போடுவீங்க?"

"தீவனமுங்கம்மா. எங்க ஆராய்ச்சிப் பண்ணை மாட்டு வயித்துக்குள்ள விட்டு எடுத்து, எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு பாப்போம்."

"மாடு பையை முழுங்குமாக்கும்?"

"இல்லீங்க. இடது விலாவுல ஓட்டை போட்டு மூடி வெச்சிருக்கோம். அது பாட்டுக்கு அசை போட்டுட்டு நிக்கும்."

"ஏனுங்க, என்னையப் பாத்தா கேனச்சியாட்டத் தெரியுதுங்களா? நானும் மாடு வெச்சிருக்கறவதான்."

என் மாடு தின்னும் சோளத்தட்டை நறுக்கி அந்தப் பையில் போட்டு, வாயையும் நானே தைத்துக் கொடுத்தேன். இதைத் திருப்பிக் கொண்டுவந்தால்தான் மீதிப் பை என்றேன்.

சில நாள் கழித்துக் கொண்டுவந்தார். தையல் என்னுடையதுதான். பிரித்தால், தோகையெல்லாம் கரைந்துபோய் பட்டையும் கணுவும்தான் கிடந்தன. வேகவைத்திருப்பாரோ என்று மோந்து பார்த்தேன். அசை போடுகிற மாட்டின் வாய் வாடை. அதை எந்த அடுப்பிலும் உண்டாக்க முடியாது.

மீதிப் பைகளைத் தைத்துக் கொடுத்தேன். நம்பினேனா என்றால், தெரியவில்லை. இன்றும் என் மாட்டின் இடது விலாவை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பால் கறக்க உட்காருகிறேன்.